மாடிக்காரர் கேட்ட கேள்வி

அவருடைய ரேடியோவில் ஒருநாளும் பாட்டு ஓடி நான் கேட்டதில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்திவைத்து, அங்கே வரும் இரைச்சலைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். செல்லூரில் எங்கள் சந்தில் பகல் முழுவதும் விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து இன்னொரு இரைச்சலைத் தேடிக் கேட்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அதுல என்னண்ணே கேக்குது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலை தாயி. ஒண்ணுமில்லாதப்ப எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டாத்தான, எவனாச்சும் உள்ள வந்தாத் தெரியும்?"

சந்தில் எல்லோரும் அவரை மாடிக்காரர் என்றே சொன்னார்கள். அவருக்குப் பெயர் இருந்தது, எனக்கும் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. நான் செய்ததைப் படித்து முடித்தால் ஏன் என்று புரியும்.

கல்யாணமாகி நாங்கள் அந்தச் சந்துக்குக் குடிபோனபோதே அவர் எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பட்டாளத்தில் ரேடியோ பிரிவில் வேலை பார்த்தவர். அந்த வேலை எப்படிப் போயிற்று என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. விடிவதற்குள் முகம் மழித்து, காக்கி அரைக்கால் சட்டையும் வெள்ளைப் பனியனுமாக, பச்சை இனாமல் குவளையில் கருப்பட்டிக் காப்பியோடு கைப்பிடிச் சுவரோரம் நிற்பார். சந்துக்காரர்களின் ரேடியோவையும் மின்விசிறியையும் பழுது பார்ப்பது பிழைப்பு. புறா வளர்ப்பது மற்ற நேரமெல்லாம். பழைய ரேடியோப் பெட்டிகளை அடுக்கிக் கம்பிவலை அடித்த கூட்டில் முப்பது புறாக்களாவது இருக்கும்.

எந்தச் சத்தத்தையும் அவர் அப்படியே திருப்பிச் செய்வார். வித்தை காட்டுகிற மாதிரி இல்லை. யோசனையில் இருக்கும்போது தன்னையறியாமல் செய்வார். கீரைக்காரியின் கூவல், பால்காரரின் ஹாரன், அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா கதவைச் சாத்துவதற்கு முன் விடுகிற பெருமூச்சு. ஒரு நாள் பகலில் என் கணவரின் சைக்கிள் மணி கேட்டு, ஈரக்கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. எதிர்மாடியில் அவர் ஸ்குரூ டிரைவரால் ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"தப்பா நினைச்சுக்கிறாதீங்க தாயி. வாய் சும்மா இருந்தா கை செய்யுது."

பஞ்சவர்ணம் அக்கா கதை கேட்டுச் சிரித்தாள். "அந்தாளு கூப்பிட்டா கோபுரத்துப் புறாவே எறங்கி வந்துரும். நீ ஓடுனதுல என்னடி அதிசயம்? எதுக்கும் உன் வீட்டுக்காரரை வேற மணி மாட்டச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் கணவர் வந்து மணி அடித்தபோது உடனே எழுந்திருக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

புறாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் புறா தானாக நம் மாடியில் இறங்கினால், மறுநாள் விளக்கு வைக்கிற நேரம்வரை அது உடையவருடையது. அதற்குள் தேடி வந்து கூப்பிட்டு, அது அவர் கைக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வராவிட்டால் இறங்கின மாடிக்குச் சொந்தம். பிடிக்கிறவன் கையால் பிடிக்கக் கூடாது, வலை போடக் கூடாது. கூப்பிடலாம். அவ்வளவுதான்.

ஆனையூரிலிருந்து ஒருவர் அப்படி வந்தார். மில் தொழிலாளி, நரைத்த மீசை. வானத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்கும் கர்ணப் புறா அவருடையது. நான் எங்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு மேலே பார்த்திருந்தேன்.

"அண்ணே, என் கர்ணம் இங்க எறங்குச்சாம்ல?"

"வாங்க மாப்ள. அந்தா உக்காந்திருக்கு. கூப்பிடுங்க."

வந்தவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். புறா தலையைச் சாய்த்துப் பார்த்தது. நகரவில்லை. மறுபடியும் அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மடியிலிருந்த கம்பை எடுத்துத் தூவினார். கடைசியில் அந்தப் பெரிய மனுஷர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூக்கை உறிஞ்சினார்.

"நாலு வருஷம்ணே. என் கையிலதான தின்னுச்சு. நன்றி கெட்ட சனியன்."

"அதைத் திட்டாதீங்க" என்றார் மாடிக்காரர். குரல் கடுமையாக இருந்தது. "அதுக்குக் கேட்டது உங்க விசில்தான். நாலு நாளா ஆனையூர் டீக்கடையில உக்காந்து உங்க விசிலத்தான் பழகுனேன். உங்ககிட்ட வாரோம்னு நினைச்சுத்தான் அது இங்க வந்துச்சு. இப்ப எது நெசம்னு அதுக்குத் தெரியலை. பாவம்."

சொல்லிவிட்டு, வழக்கப்படி கொடுக்க வேண்டியதில்லாத புறாவைத் தானே பிடித்து அவர் கையில் வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு அந்த நாலு நாள் மனதில் நின்றுவிட்டது. ஒருவருடைய வீட்டுப் பக்கம் நாலு நாள் உட்கார்ந்து, அவர் தன் புறாவை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாடம் செய்கிற மனிதர்.

யாரும் தேடி வராத புறாக்களைப் பத்து நாள் இறக்கையில் நூல் கட்டி வைத்திருப்பார். பதினோராம் நாள் நூலை அறுத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பார். பெரும்பாலும் அவை ஒரு வட்டமடித்து அவர் கூட்டுக்கே திரும்பிவிடும். எப்போதாவது ஒன்று வடக்கே நேராகப் பறந்து மறையும். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சந்தோஷம் பார்க்க முடியும். "போயிருச்சு பாத்தீங்களா தாயி. மறக்கலை" என்பார். பிடிப்பதில் இல்லாத சந்தோஷம் போவதில் ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதை அவரே ஒரு நாள் சொன்னார். எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றி மாட்ட வந்திருந்தார். என் மகன் சரவணனுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஆகாய விமானத்தை யார் ஓட்டுவார்கள் என்று அவரைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

"ஆளில்லாமக்கூட ஓடும்டா" என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "நெசந்தான் தாயி. சின்னது, நம்ம கட்டில் நீளந்தான் இருக்கும். முன்னால மோட்டார், வயித்துல கேமரா. பறந்துபோய் படம் பிடிச்சுட்டு வரணும். சோதனைக்குன்னு வடக்க எல்லையோரமாக் கொண்டுபோயிருந்தாங்க. கீழ நான் ரேடியோ பொட்டியோட இருப்பேன். நான் இடதுன்னா இடது, வலதுன்னா வலது. அதுக்கு என் குரல் ஒண்ணுதான் தெரியும்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கத்துக்காரன் சுடவே இல்ல. சுட்டா ஒடஞ்சுபோகும்ல? முழுசா வேணும் அவனுக்கு. எம்புட்டு நாள் கேட்டுக்கிட்டு இருந்தானோ தெரியலை. ஒரு நாள் பெரிய ரேடியோ வச்சு, நான் பேசுற எடத்துல இரைச்சலக் கொட்டிட்டான். நான் கத்துறேன், அதுக்குக் கேக்கலை." மின்விசிறியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் துணியில் வைத்தார். "கேக்கலைன்னா என்ன செய்யணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருப்போம் தாயி. நின்ன எடத்துலயே சுத்து. எண்ணெய் தீந்தா மோட்டாரை நிறுத்திப் பாராசூட்டுக் குடைய விரி. அது ஒடஞ்சுறக் கூடாதேன்னு நாங்க பாத்துப் பாத்து வச்ச குடை. சொன்னபடியே செஞ்சுச்சு. சுத்துச்சு, குடைய விரிச்சுச்சு. காத்து அந்தப் பக்கம் அடிச்சுச்சு. ஒரு கீறல் இல்லாம அவன் வயக்காட்டுல போய் எறங்குச்சு."

"உங்க மேல என்ன தப்பு இதுல?"

"குடை வச்சிருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமே, பேசவிடாம நிறுத்திப் பாப்போம்னு செஞ்சிருப்பான்னு சொன்னேன். யாரும் ஒத்துக்கலை. நான் வித்துட்டேன்னு யாரும் நேரச் சொல்லலை. வீட்டுக்குப் போன்னு மட்டும் சொன்னாங்க."

சரவணன் "அது அழுதுச்சா?" என்று கேட்டான்.

"அழுகலைடா. நல்ல புள்ள அது. சொன்னதச் செஞ்சுச்சு."

இந்தக் கதையை நான் முழுவதும் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அவர் போன பிறகு கணவரிடம் சொன்னேன். "ராணுவத்துல சும்மாவா அனுப்புவாங்க? ஏதாவது இருக்கும்" என்றார். அந்த ஏதாவது எனக்குள் தங்கிவிட்டது.

சாப்பிடக் கூப்பிட நான் சரவணனின் எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டியால் தட்டுவேன். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. தறிச் சத்தத்தில் வாயால் கூப்பிட்டால் கேட்காது. கிண்ணத்தின் சத்தம் ஊடுருவிப் போகும். எங்கிருந்தாலும் ஓடி வருவான். எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எதைச் செய்தாலும் செய்தேனா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வேன். "ஸ்டவ்வ அணைச்சேனா? அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்று முனகினால், "அணைச்சுட்டம்மா" என்பான் மகன். பார்த்துச் சொல்கிறானா, பழக்கத்தில் சொல்கிறானா தெரியாது. நான் மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.

சித்திரை நடுவில் ஒரு நாள் நான் சமையலறையில் இருக்க, கிண்ணம் தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. கிண்ணம் என் கையில் இருந்தது. வாசலுக்கு ஓடினேன். சரவணன் சந்தின் நடுவில் நின்று எதிர்மாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மாடிக்காரர் தன் குவளையில் தட்டி, புறாக்களுக்குக் கம்பு தூவிக்கொண்டிருந்தார். எப்போதும்போலத் தன்னையறியாமல்தான் இருக்க வேண்டும். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை நூல் வண்டி போகிற பாதையில் நிற்கிறான், என்னைப் பார்க்காமல் அவரைப் பார்க்கிறான் என்பதுதான் கண்ணில் பட்டது.

அன்றே பிள்ளையை மடியில் வைத்துச் சொன்னேன். ஒரு தடவை அல்ல, தினமும் சொன்னேன். கிண்ணத்துச் சத்தம் கேட்டால் இனிமேல் போகக் கூடாது. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. அம்மாவைக் காணவில்லை என்றால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே உட்கார்ந்துகொள். அம்மா வந்து எடுத்துக்கொள்வேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான். பத்திரமாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் பருப்பைக் கடைந்துவிட்டுத் திரும்பினால் வாசலில் பிள்ளை இல்லை.

முதலில் பஞ்சவர்ணம் அக்கா வீடு. பிறகு கிணற்றடி. பிறகு சாயப்பட்டறைத் தொட்டிகள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். சந்தே இறங்கித் தேடியது. எல்லோரும் "சரவணா, சரவணா" என்று கத்தினார்கள். நானும் கத்திக் கத்திக் குரல் அடைத்து, வெறும் காற்றுதான் வந்தது. வீட்டுக்கு ஓடிக் கிண்ணத்தை எடுத்துவந்து தட்டிக்கொண்டே ஓடினேன். நான் சொல்லிக்கொடுத்தது எனக்கே அப்போது நினைவில் இல்லை.

மாடிக்காரர் படியிறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து கேட்டார்.

"தாயி, நீங்க கூப்பிடுறது கேக்கலைன்னா என்ன செய்யணும்னு புள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கீங்க?"

இத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கோ, என் பிள்ளையைப் பிடிக்க மீதியிருக்கும் ஒரே சாவியை அவர் கேட்பதுபோல இருந்தது. டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்த மனிதர் அல்லவா?

"இவருதான்" என்றேன். அடைத்த குரலில் அது எப்படி அத்தனை பேருக்கும் கேட்டதோ. "என் கிண்ணத்துச் சத்தத்த இவருதான் பழகி வச்சிருக்காரு. இவரு கூப்பிட்டா அவன் போவான்."

விசைத்தறி வைத்திருந்த மாரியப்பன் அண்ணன் அவர் பனியனைப் பிடித்தார். "என்னய்யா, புறா பத்தலையா ஒனக்கு? புள்ள கேக்குதா?" மாடிக்காரர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "தாயி, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். முதல் அறை விழுந்தது.

ஏழெட்டுப் பேர் மாடிக்கு ஏறினார்கள். நானும் ஏறினேன். கொட்டகையில் பிள்ளை இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி; அதற்குள் ஒரு நோட்டு. மாரியப்பன் அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ படிச்ச புள்ளதான. என்ன எழுதியிருக்கான்னு படி."

நான் படித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். பள்ளியில் பாடம் ஒப்பித்ததுபோல.

"பால்காரர், ஹாரன், ஒரு நீளம். ஆனையூர் மில்காரர், விசில், ஏறி இறங்கும். எதிர்வீட்டுக்காரர், சைக்கிள் மணி, மூணு. எதிர்வீட்டுத் தாயி, கிண்ணம், ரெண்டு சின்னது, ஒண்ணு பெரிசு."

அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. தறிக்கட்டையால் கூட்டை அடித்து நொறுக்கினார்கள். புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி வெயிலுக்குள் போயின. சில போக முடியவில்லை. அவரைப் படியில் இழுத்து இறக்கினார்கள். கீழே வந்து சேர்ந்தபோது உதடு கிழிந்து பனியன் முன்புறம் சிவப்பாக இருந்தது. போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். என் கணவருக்கும் ஆள் போயிருந்தது. மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது.

நான் எங்கள் படியில் உட்கார்ந்திருந்தேன். அவரை எதிரே விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். சத்தமில்லாமல், ரேடியோ முள்ளைத் திருப்புகிற பொறுமையோடு.

"இன்னும் சொல்லலையே தாயி. கேக்காமப் போனா என்ன செய்யச் சொன்னீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இருக்கிற எடத்துலயே உக்காந்துக்கன்னு சொன்னேன்" என்றேன். "யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லாதேன்னு. கிண்ணம் தட்டுனா வராதேன்னு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப புள்ள எங்கயும் போகலை. இங்கனதான் இருக்கு. நீங்க சொன்னபடி உக்காந்திருக்கு. தறிய நிறுத்தச் சொல்லுங்க. அம்புட்டுத் தறியும்."

யாரும் அசையவில்லை. பஞ்சவர்ணம் அக்காதான் போய் மாரியப்பன் அண்ணன் பட்டறையில் மெயினை இழுத்தாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. வேலை நாளில் அந்தச் சந்து அப்படி அமைதியாகி நான் கேட்டதே இல்லை. காதுக்குள் அடைத்த பஞ்சைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

"பேரைச் சொல்லாதீங்க தாயி. மதியத்துலேர்ந்து ஊரே அந்தப் பேரத்தான் கூப்பிட்டுச்சு. கிண்ணத்தக் கீழ வைங்க. வீட்டுக்குள்ள எப்படிப் பேசுவீங்களோ, அப்படிப் பேசிக்கிட்டே நடங்க."

எழுந்து நடந்தேன். வாய் தானாக ஆரம்பித்தது. "பருப்புல உப்புப் போட்டேனா? போட்டேன்னுதான் நினைக்கிறேன். கதவைச் சாத்தினேனா? ஸ்டவ்வ அணைச்சேனா? அணைச்சேனா, இல்லையா?"

சந்தின் கோடியில், மாரியப்பன் அண்ணனின் நூல் கிடங்கின் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, எறும்பு ஊர்வதுபோல ஒரு குரல் வந்தது.

"அணைச்சுட்டம்மா."

ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது உள்ளே பார்க்காமல் பூட்டியவர் மாரியப்பன் அண்ணன்தான். பூனைக்குட்டி பின்னால் போன பிள்ளை நூல் கட்டுகளுக்கு நடுவே இருந்திருக்கிறான். தகரக் கூரை, ஒரு சன்னல் இல்லை. கதவைத் திறந்தபோது கண் சொருகிக் கிடந்தான். உடம்பில் வியர்வைகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மாடிக்காரர் ஒரு மணிக்குப் பிறகு கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருந்தால் என்று கணக்குப் போடாமல் இருக்க முயல்கிறேன்.

மூன்றாம் நாள் பிள்ளை பேசினான். "கிண்ணத்துச் சத்தம் கேட்டுச்சும்மா. நீதான வரக் கூடாதுன்னு சொன்ன. நான் வரலை." பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தான்.

வீடு திரும்பியதும் மாடிக்கு ஏறினேன். கணவர் வேண்டாம் என்றார். மாடிக்காரரிடம் என்ன முகத்தோடு பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லைதான். கொட்டகையில் மாடிக்காரர் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உதட்டில் தையல். நொறுங்கிய கூட்டுப் பலகைகளை ஓரமாக அடுக்கியிருந்தார். கைப்பிடிச் சுவரிலும் பக்கத்து வீட்டு மாடிகளிலும் ஏழெட்டுப் புறாக்கள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்திருச்சுகளே அண்ணே" என்றேன்.

"நான் கூப்பிட்டாக் கையில வந்து உக்காந்துரும். அதான் கூப்பிடலை" என்றார். "புள்ள சாப்பிடுதா?"

"சாப்பிடுறான்."

"அன்னிக்கு நீங்க பேசிக்கிட்டு நடந்தீங்களே, உப்புப் போட்டேனா, அணைச்சேனான்னு. அது நோட்டுல இல்ல, கவனிச்சீங்களா? எம்புட்டோ தடவை செஞ்சு பாத்தேன் தாயி. அது மட்டும் எனக்கு வரலை."

அதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, வேறு ஏதாவதா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

"எங்க ஆபீசரும் உங்கள மாதிரிதான் தாயி. நல்ல மனுஷன். காணாமப் போனது அவரோடது. யாரையாச்சும் கையக் காட்டாம அவரால நிக்க முடியலை."

மறுநாள் விடியுமுன் போய்விட்டார். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. புறாக்கள் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக யார் யாருடைய மாடிக்கோ போயின. மாரியப்பன் அண்ணன் கிடங்குக் கதவில் ஒரு சன்னல் வைத்தார்.

இப்போது நாங்கள் விளாங்குடியில் இருக்கிறோம். தறிச் சத்தம் இல்லை. சரவணனுக்கு ஐந்தரை வயது; தங்கை ஒருத்தி பிறந்து தவழ்கிறாள். அவளுக்குப் பேச்சு வந்ததும், அம்மாவைக் காணவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கத்து என்று சொல்வதா, உட்கார் என்று சொல்வதா, யாராவது கூப்பிட்டால் போ என்பதா, போகாதே என்பதா? எதைச் சொன்னாலும் அப்படியே செய்வாள்.

போன வாரம் சரவணனின் டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். வகுப்பு நடக்கும்போது சன்னலோரம் நிறுத்தி வைத்து, வருகைப் பதிவை எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றது. "சரவணன்" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, திரும்பி வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் வாசலைப் பார்த்தான். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் வெளியே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தினமும் இப்படித்தாம்மா. மத்தபடி கெட்டிக்காரன். எதுக்கும் காதை டாக்டர்கிட்டக் காட்டிருவோமா?"

"காது நல்லாக் கேக்கும் டீச்சர்" என்றேன்.